உஷார்! டர்போவிடம் பொய் சொல்லும் பெட்டி

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் கனெக்டர், நடுவே ஒரு சாண் ஒயர். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்க முடியாதபடி பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். மேலே கம்பெனி பெயர் இருக்காது. இருந்தாலும் விசாரிக்க விலாசம் இருக்காது. "அஞ்சு நிமிஷ வேலைண்ணே. மாட்டின உடனே வண்டி பறக்கும்" என்று சொல்லித்தான் கையில் கொடுக்கிறார்கள். உங்களிடம் டர்போ பெட்ரோல் கார் இருந்தால் தயவுசெய்து அதை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் மாட்டாதீர்கள். மாட்டியிருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு போய்க் கழற்றுங்கள்.

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகால் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஜூன் மாதம் ஒரு பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினிலிருந்து கழற்றியது. பிஸ்டனின் தலையில் ஒரு ஓரம், வெயிலில் வைத்த வெல்லக்கட்டி மாதிரி இளகி வழிந்து அப்படியே உறைந்திருந்தது. மேல் ரிங் உட்காரும் வரப்பு ஒரு விரல் அகலத்துக்கு உடைந்து காணோம். அந்த உடைந்த துண்டு சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்திருந்தது. நகத்தை வைத்தால் மாட்டுகிற அளவுக்கு ஆழமான கோடு. வண்டிக்கு வயது மூன்றுகூட ஆகவில்லை. பெட்டியை மாட்டி ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே ஷிப்டுக்குப் போய் வந்ததில் ஒரு குறையும் தெரியவில்லை. மே மாதம் ஐந்து பேரை ஏற்றி, ஏசியையும் போட்டுக்கொண்டு ஏலகிரி ஏறியிருக்கிறார்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை.

ஓட்டிய பையன் இந்தப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிறவன். எனக்கு மனசு ஆறாமல் போனது அதனால்தான். லைனில் ஒரு கனெக்டர் 'கிளிக்' என்று உட்காரவில்லை என்றால் வண்டியை நகரவிடாத பையன். ஒரு போல்ட்டின் முறுக்கு அளவு துளி குறைந்தாலும் சிவப்பு விளக்கைப் போடுகிறவன். கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும், பெயர் தெரியாத ஒரு பெட்டியைத் தன் சொந்த இன்ஜினின் நரம்புக்குள் சொருகியிருக்கிறான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உள்ளே என்ன நடக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

டர்போ என்ன செய்கிறது? இன்ஜின் கக்கும் சூடான புகை சைலன்சருக்குப் போகும் வழியில் ஒரு சின்ன சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, சிலிண்டருக்குள் திணிக்கிறது. கார்களில் இருக்கும் சிறிய டர்போக்கள் நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலக்கூடியவை. இதனால் கிடைக்கும் லாபம் என்ன என்பதற்கு ஒரகடத்திலேயே கணக்கு இருக்கிறது. அங்கே தயாராகும் நிசான் மேக்னைட்டில் டர்போ இல்லாத 999 சிசி இன்ஜின் தரும் சக்தி 72 பி.எஸ்., இழுவிசை 96 நியூட்டன் மீட்டர். அதே 999 சிசி கொள்ளளவில் டர்போ இன்ஜின் தருவது 100 பி.எஸ்., 160 நியூட்டன் மீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூவின் 998 சிசி டர்போ 2019-ல் வந்தபோது 120 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர். ஒரு லிட்டர் இன்ஜினுக்கு இது சாதாரண விஷயமல்ல.

ஆனால் இந்தச் சக்கரத்துக்குத் தானாக நிற்கத் தெரியாது. காற்று அதிகமானால் எரிப்பு அதிகமாகும், எரிப்பு அதிகமானால் புகை அதிகமாகும், புகை அதிகமானால் சக்கரம் இன்னும் வேகமெடுக்கும். கட்டுப்படுத்தாமல் விட்டால் உடைகிற வரைக்கும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் புகை வழியில் வேஸ்ட்கேட் என்று ஒரு பக்கக் கதவு வைத்தார்கள். கதவைத் திறந்தால் புகையில் ஒரு பங்கு சக்கரத்தைத் தொடாமலே வெளியேறிவிடும். பழைய வண்டிகளில் இந்தக் கதவை ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் சவ்வும் பார்த்துக்கொண்டன. அழுத்தம் ஏறினால் சவ்வு ஸ்பிரிங்கைத் தள்ளும், கதவு திறக்கும். எல்லா வேகத்துக்கும், எல்லா வெயிலுக்கும் ஒரே கணக்கு.

இப்போது அந்தக் கதவின் பிடி ஈசியூ என்கிற கம்ப்யூட்டரின் கையில். சில வண்டிகளில் சவ்வுக்குப் போகும் காற்றை ஒரு சொலினாய்டு வால்வு நொடிக்குப் பல முறை திறந்து மூடி அளந்து விடுகிறது. சிலவற்றில் கதவின் கம்பியையே ஒரு சின்ன மின்மோட்டார் நகர்த்துகிறது. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஈசியூ கேட்டுக்கொள்ளும் கேள்விகள் பல: இவருக்கு எவ்வளவு இழுவை வேண்டும், அதற்கு எவ்வளவு காற்று வேண்டும், இந்த வேகத்தில், காற்று இவ்வளவு சூடாக இருக்கும்போது எவ்வளவு அழுத்தம் வரை போகலாம்? ஒரு இலக்கை முடிவு செய்யும். பிறகு இன்டேக் குழாயில் இருக்கும் அழுத்த சென்சாரைப் பார்க்கும். இலக்கைவிடக் குறைவாக இருந்தால் கதவை மூடும், அதிகமாக இருந்தால் திறக்கும். இந்தப் பார்வையும் திருத்தமும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும்.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ளச் செம்பரம்பாக்கம் ஏரி போதும். முழுக் கொள்ளளவில் ஆழம் 24 அடி. நீர் எத்தனை அடி நிற்கிறது என்று அளவுகோலைப் பார்த்துத்தான் ஷட்டரைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். அந்த அளவுகோலில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக வந்து இரண்டு அடியைக் குறைத்து எழுதிவிட்டுப் போனால்? ஏரியில் 24 அடி நிற்கும், கோல் 22 என்று காட்டும். இன்னும் இடம் இருக்கிறது என்று நம்பி ஷட்டரை மூடியே வைத்திருப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கறுப்புப் பெட்டி செய்வது இதுதான், இதைத் தவிர வேறொன்றும் இல்லை. சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, சென்சார் அனுப்பும் வோல்டேஜைக் குறைத்துச் சொல்லும். அதற்குள் மூளை எதுவும் கிடையாது. இருக்கிற மூளையை ஏமாற்றுகிற வேலை மட்டுமே.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஈசியூ சிலிண்டருக்கு மொத்தம் 2 பார் அழுத்தம் போதும் என்று முடிவு செய்கிறது. இதில் 1 பார் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் இயல்பான அழுத்தம். டர்போ சேர்ப்பது மீதி 1 பார். பெட்டி 15 சதவீதம் குறைத்துச் சொல்கிறது என்று வையுங்கள். ஈசியூவின் கண்ணுக்கு 2 பார் தெரிய வேண்டுமென்றால் உள்ளே உண்மையில் 2.35 பார் இருக்க வேண்டும். அதாவது டர்போ சேர்க்கும் பங்கு 1 பாரிலிருந்து 1.35 பாராகிவிட்டது. பதினைந்து சதவீதப் பொய், முப்பத்தைந்து சதவீதச் சுமை. விற்கிறவர் முதல் எண்ணைத்தான் சொல்வார்.

அதிக அழுத்தம்கூட இதில் பாதி ஆபத்துதான். மீதிப் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல இன்ஜின்களில் இதே சென்சாரின் அளவை வைத்துத்தான் பெட்ரோல் எவ்வளவு தெளிப்பது, ஸ்பார்க்கை எப்போது அடிப்பது என்பதையும் ஈசியூ முடிவு செய்கிறது. காற்று குறைவாக இருப்பதாக நம்பினால் பெட்ரோலையும் குறைத்தே தெளிக்கும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துத் திருத்தப் பார்க்கும், ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்பார்க் விஷயம் இன்னும் மோசம். சுமை குறைவாக இருந்தால் ஸ்பார்க்கைச் சீக்கிரம் அடிக்கலாம், சுமை அதிகமானால் தாமதிக்க வேண்டும். இது விதி. உள்ளே திணிந்து கிடப்பது முழுச் சுமைக் காற்று. ஈசியூ பார்ப்பதோ குறைந்த சுமைக்கான கட்டத்தை. ஸ்பார்க் முந்திக்கொள்கிறது. அழுத்தமும் சூடும் எல்லை மீற, தீ வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாகப் பற்றி வெடித்து, பிஸ்டனின் தலையில் சம்மட்டியாக இறங்குகிறது. மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். அந்தப் பிஸ்டனின் வரப்பை உடைத்தது இந்த அடிதான். பெட்ரோல் குறைந்ததால் ஏறிய சூட்டில் ஓரம் உருகியது.

அப்படியென்றால் ஏழு மாதம் எப்படி ஓடியது? இன்ஜினில் நாக் சென்சார் என்று ஒரு காது இருக்கிறது. அடி விழும் சத்தத்தைக் கேட்டதும் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றும். காலை ஆறு மணிக்கு ஒற்றை ஆளாக, குளிர்ந்த காற்றில், இரண்டு நிமிஷம் வேகமெடுத்துப் போகிறவனை அந்தக் காது காப்பாற்றிவிடும். மே மாத வெயிலில் கதை வேறு. நாற்பது டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குத் திணித்தால் அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கு வரும் முன்பே அதன் சூடு நூறு டிகிரியைத் தாண்டிவிடும். ஐந்து பேர் சுமை, ஏற்றம், தாழ்ந்த கியர், ஏசி. காது எவ்வளவு எச்சரித்தாலும், அழுத்தத்தைக் குறைக்க வேண்டிய ஈசியூவின் கண் கட்டப்பட்டிருக்கிறது. அழுத்தம் எல்லை மீறினால் பெட்ரோலை நிறுத்திவிடும் கடைசிப் பாதுகாப்பு ஒன்று உண்டு. அதுவும் இதே சென்சாரைத்தான் நம்பியிருக்கிறது.

எலெக்ட்ரானிக் பூஸ்ட் கட்டுப்பாடு, அதாவது டர்போ அழுத்தத்தை ஆளும் இந்த ஏற்பாடு, பிறந்ததே இன்ஜின் சொல்வதைக் கேட்பதற்காகத்தான். 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் வந்தபோது நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றச் சொன்னார்கள். வாங்கியவர்கள் நிரப்ப மறந்தார்கள், அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் சுவீடனின் சாப் நிறுவனத்தில் பேர் கில்பிராண்ட் என்ற இன்ஜினியர் வழிநடத்திய குழு வேறு வழி கண்டது. இன்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார், அதன் சொல்லைக் கேட்டு வேஸ்ட்கேட்டை இயக்கும் சொலினாய்டு வால்வு, நடுவில் ஒரு எலெக்ட்ரானிக் மூளை. பெட்ரோலின் தரம் குறைந்தால் அழுத்தம் தானாகக் குறையும், நல்ல பெட்ரோல் என்றால் ஏறும். இன்று உங்கள் பானெட்டுக்குள் இருப்பது அந்த வம்சத்தின் பிள்ளை. அதன் கண்ணைக் கட்டுவதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

பெட்டி மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். வேஸ்ட்கேட்டை நகர்த்தும் ஆக்சுவேட்டர் கம்பியின் நட்டை இரண்டு சுற்று இறுக்கிவிட்டு "பிக்கப் ஏத்தி விட்டேன்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவு எந்த இடத்தில் முழுதாக மூடும் என்பதை ஈசியூ படித்து வைத்திருக்கிறது. நட்டு நகர்ந்தால் அந்தப் பாடம் மொத்தமும் தப்பாகிவிடும். ஆக்சுவேட்டரை மாற்றினால்கூடப் பல வண்டிகளில் ஸ்கேனர் மாட்டி மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். லேப்டாப்பை மாட்டி ஈசியூவின் கணக்குகளையே மாற்றும் 'ரீமேப்' செய்கிறவர்கள் பெட்டிக்காரர்களைவிட விஷயம் தெரிந்தவர்களாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஏற்றும் ஃபைல் யாருடைய வண்டிக்காக, எந்த நாட்டு வெயிலுக்காக எழுதப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தொழிற்சாலை, ஒரு இன்ஜினின் கணக்குகளைக் குளிரிலும் பாலைவனத்திலும் மலையிலும் ஓட்டி ஓட்டி எழுதுகிறது. அதை ஒரு மதியத்தில் திருத்திவிட முடியும் என்கிறவரை நான் நம்பமாட்டேன்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்கும் புது வண்டிகள் எல்லாம் பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்டவை. 2023 ஏப்ரலிலிருந்து சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் விதியும் சேர்ந்துகொண்டது. வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் ஒரகடத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட ஆய்வுக்கூடத்தில் தேறிய இன்ஜின், பெட்டி மாட்டிய பிறகு அதே இன்ஜின் அல்ல. வாரண்டியும் போகும். விபத்து நடந்தால் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கவும் இடமுண்டு.

டீசல் வண்டிக்காரர்களுக்கு உஷார் வேறு மாதிரி. டீசலில் பெரும்பாலும் பக்கக் கதவுக்குப் பதில், சக்கரத்தைச் சுற்றி அசையும் சிறு இறக்கைகள் இருக்கும். ஈசியூ அவற்றைக் குறுக்கியும் விரித்தும் அழுத்தத்தை ஆளுகிறது. ஒரகடம் ஜங்ஷனில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஊர்ந்தே ஓடும் வண்டியில் கரி படிந்து இந்த இறக்கைகள் சிக்கிக்கொள்ளும். அப்போது செக் இன்ஜின் விளக்கு எரியும், வண்டி எழும்பாது, எவ்வளவு மிதித்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகாது. லிம்ப் மோடு என்பார்கள். இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே சக்தியைச் சுருக்கிக்கொண்ட நிலை அது. அந்த நேரத்தில் லாரியை ஓவர்டேக் செய்யப் போகாதீர்கள். இடது ஓரமாக ஒதுங்குங்கள்.

என் டீசல் காருக்கே இது நடந்தது. சுங்குவார்சத்திரம் தாண்டி இரவு ஒன்பது மணிக்கு விளக்கு எரிந்தது. மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி, பி0299 என்று பிழைக் குறியீடு வந்ததும், "டர்போ போச்சு சார், மாத்தணும்" என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பி0299 என்றால் பூஸ்ட் அழுத்தம் இலக்குக்குக் கீழே இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். ஏன் என்று அந்தக் குறியீடு சொல்லாது. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் டர்போவைத் தொடவே இல்லை. சுண்டுவிரல் தடிமனில் போகும் ஒரு வேக்குவம் டியூபை விரலால் தடவிக்கொண்டே போனார், ஒரு வளைவில் நின்றார், டியூபை லேசாக மடக்கினார். மயிரிழை அளவு வெடிப்பு வாயைத் திறந்தது. டர்போ விலையில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத டியூப். இறக்கைகளை நகர்த்தும் வேக்குவம் அந்த வழியே கசிந்து போயிருந்தது. அதனால் டர்போவை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். "இலக்கு அழுத்தம் எவ்வளவு, உண்மையில் வருவது எவ்வளவு, ரெண்டையும் ஓடும்போது ஸ்கேனரில் காட்டுங்க. ஹோஸ், கிளிப், வேக்குவம் டியூப் எல்லாம் செக் பண்ணிட்டீங்களா?" என்று கேளுங்கள். இன்டர்கூலர் ஹோஸ் இணைப்பில் எண்ணெய் ஈரத்தோடு தூசி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது என்று சந்தேகப்படலாம். குறியீட்டை மட்டும் அழித்துவிட்டு அனுப்புகிறவரிடம் மறுபடி போகாதீர்கள். நோய் அங்கேயேதான் இருக்கும்.

பழைய டர்போ கார் வாங்கப் போகிறவர்கள் இன்னும் ஒன்று பாருங்கள். விற்பதற்கு முந்தின நாள் பெட்டியைக் கழற்றி, பிழைக் குறியீடுகளையும் அழித்துவிடுவார்கள். ஆனால் அழித்ததும் வண்டி தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். எந்தச் சோதனை முடிந்தது, எது முடியவில்லை என்று சாதாரண ஸ்கேனரே காட்டிவிடும். பல சோதனைகள் முடியாமல் கிடந்தால் சமீபத்தில் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எது என்று கேளுங்கள். அழுத்த சென்சாரின் கனெக்டரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற கனெக்டர்கள் எல்லாம் தூசி படிந்திருக்க, அது மட்டும் துடைத்த மாதிரி இருந்தால், பூட்டு நாக்கு உடைந்திருந்தால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே வல்லம் வடகால் ஒர்க்‌ஷாப்புக்கு இன்னொரு பையன் வந்தான். பெட்டியை மாட்டி மூன்று வாரமாம். இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மேலே ஏறும்போது 'கடகட' என்று மெல்லிய சத்தம் வருகிறதாம். மெக்கானிக் பேசவில்லை. மேஜை டிராயரைத் திறந்து அந்தப் பிஸ்டனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடைந்த வரப்பில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு தானே போய் பானெட்டைத் திறந்து, பெட்டியின் இரண்டு முனைகளையும் பிடுங்கி, சென்சாரின் சொந்தக் கனெக்டரைச் சரியாக 'கிளிக்' என்று உட்காரவைத்தான்.

"சர்வீஸ் சென்டர்ல சொல்லணுமாண்ணே?" என்று என்னைக் கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"சொல்லு தம்பி. வாரண்டி பத்தி ரெண்டு வார்த்தை திட்டுவாங்க, வாங்கிக்க. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்க்கச் சொல்லு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லு, ஆயிலை மாத்தச் சொல்லு. என்ன மாட்டியிருந்தன்னு தெரிஞ்சாத்தான் எங்க தேடணும்னு அவங்களுக்குத் தெரியும்."

திங்கட்கிழமை செகண்ட் ஷிப்டாம். காலையில் போவதாகச் சொல்லி, அங்கேயே நின்று போன் போட்டு நேரம் வாங்கிக்கொண்டான்.